சொல்லும்படியான பூ

ஓசூர்
8.10.2023

மாமாவுக்குப் பொன்னாத்தா எழுதிக்கறது.

இங்க நம்ம பையன் சபரி, மருமக பிரியா, பேத்தி நித்யாக்குட்டி எல்லாரும் சொகமா இருக்கறாங்க. நீங்க வேளாவேளைக்கு உண்டுக்கிட்டு இருக்கறீங்கன்னு நெனச்சுக்கறேன். போன்ல கேக்கலாம்னா, காதுல மெசினை மாட்டிக்கிட்டுப் பேசினா விசிலடிக்குதுங்கறீங்க. கழட்டி வெச்சுட்டுப் பேசினா நான் போடற சத்தத்துல இந்த லேஅவுட்டே வாசலுக்கு வந்து நிக்குது. பக்கத்தூட்டு கன்னடத்தம்மா "யாருக்காச்சும் உடம்பு சரியில்லீங்களா"ன்னு கேக்குது. அதான் எழுதறேன். எட்டாவது வரைக்கும் படிச்சது எதுக்காச்சும் ஆகட்டும்.

சபரி ஆபீஸ்காரர் ஒருத்தர் நாமக்கல் வாரார். அவருகிட்ட ஒரு அட்டைப்பொட்டி தாட்டி உட்டிருக்கறேன். சக்கரவள்ளின்னு வேக வெச்சுப்போடாதீங்க. அது டேலியாக் கிழங்கு. போன வருசம் இங்க காம்பவுண்டு ஓரமா வெச்சேன். பூ ஒவ்வொண்ணும் சோறு உங்கற தட்டம் அத்தனை பெருசு. நித்யா மூஞ்சிக்கு நேரா புடிச்சாக் காதுகூடத் தெரியல. செவப்பு, மஞ்ச, அப்பறம் கத்திரிப்பூக் கலர்ல நுனி மட்டும் வெள்ளையா ஒண்ணு. எதெது எந்தக் கிழங்குன்னு நூல் கட்டி உட்டிருக்கறேன். போட்டோவும் பொட்டிக்குள்ள இருக்குது.

நம்மூரு வெயிலுக்கு இப்ப வெச்சாத்தான் மார்கழி, தையில பூக்கும். பங்குனி வந்தாக் கருகிரும். கிழங்கப் படுக்க வெச்சு, மொளை வர்ற கண்ணு மேல பாக்கறாப்பல மண்ணு மூடுங்க. மொளச்சு வெளிய வர்ற வரைக்கும் தண்ணி ஊத்தீராதீங்க, அழுகிப்போயிரும். உங்களுக்குக் கை சும்மா இருக்காது, அதான் சொல்றேன்.

பூத்தா எழுதுங்க. வந்து பாக்கறேன்.

பொன்னாத்தா


நாமக்கல்
15.10.2023

அன்புள்ள பொன்னாத்தாளுக்கு,

உன் கடிதமும் பெட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தன. கிழங்குகளை உன் பழைய இளம்பிள்ளைத் தறிச் சேலையில் சுற்றி அனுப்பியிருந்தாய். சேலையைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறேன். அதைத் திருப்பி அனுப்ப வேண்டுமா என்று எழுது.

துவைக்கும் கல்லுக்குக் கிழக்கே நட்டிருக்கிறேன். அங்கே மதிய வெயிலைத் தண்ணீர்த் தொட்டி மறைக்கும். மொட்டை மாடியில் நின்று இரண்டு நாள் நிழல் போகும் வழியைப் பார்த்த பிறகுதான் இடத்தை முடிவு செய்தேன். ஆனாலும் சரியான இடமா என்று சந்தேகமாகவே இருக்கிறது. கண் என்று நீ எழுதியதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். வெள்ளை நூல் கட்டிய கிழங்கில் இருப்பது கண்ணா, காய்ந்த தழும்பா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கையின் பேரில் அதையும் நட்டுவிட்டேன்.

இன்னும் தண்ணீர் விடவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு முறை, காபிக்குப் பிறகு ஒரு முறை, பொழுது சாய்ந்ததும் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். பால் கொண்டுவரும் மாரக்காள் நேற்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஏனுங்கண்ணா, எதைப் பொதைச்சு வெச்சுப்போட்டு இப்படிக் குத்தவெச்சுப் பாக்கறீங்க? நகையா?" என்றாள். டேலியா என்றேன். "அது யாரு?" என்றாள்.

அடியுரமாகக் கோழி எரு போட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த தீவன ஆலைக்காரர்களின் பண்ணையிலிருந்து ஒரு மூட்டை கொடுத்தார்கள்.

நீ பார்க்க வருவதாக எழுதியிருக்கிறாய். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வருகிறவருக்குப் பார்க்கும்படியாக ஏதாவது இருக்க வேண்டும். என்னால் ஆனதைச் செய்கிறேன். உன் படத்தில் இருப்பது போல வருமா என்று தெரியவில்லை. படத்தைக் கண்ணாடி அலமாரியில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

குழந்தைக்கு என் ஆசிகள்.

காளியண்ணன்


ஓசூர்
5.11.2023

மாமாவுக்கு,

கோழி எருவையா போட்டீங்க? அது பச்சைச் சூடுங்க சாமி. முப்பது வருசம் தீவன ஆலை லேப்ல கோழிக்கு என்ன போவுது, கோழில இருந்து என்ன வருதுன்னு குழாய்ல ஊத்திப் பாத்தவரு நீங்க. உங்களுக்கு நான் சொல்லோணுமா. எலையா வரும் பாருங்க, பூவு வராது.

தீவாளிக்கு வாங்கன்னு சபரி மெசேஜ் போட்டானாம். கிழங்கு மொளைக்கற நேரம், உட்டுட்டு வர முடியாதுன்னு பதில் போட்டிருக்கறீங்க. அவன் என்கிட்டப் படிச்சுக் காட்டிச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். அப்பறம் ரூமுக்குள்ள போய் நித்யா துணியெல்லாம் மறுக்கா ஒருக்கா மடிச்சேன்.

இப்ப ஒரு சேதி. சபரிக்குப் புனேவுக்கு மாத்தல் வந்துருச்சு. பிப்ரவரி மொதல்ல போயாகோணுமாம். பிரியாளுக்கும் அங்கயே வேலை. புள்ளையப் பாத்துக்க நானும் வரோணும்ங்கறாங்க. இங்க ஓசூர்னா நெனச்சா பஸ் ஏறி வந்துரலாம். அது அப்படி இல்லீங்க. ரயில்லயே ஒரு நாளு ஆவுமாம். போனா போனதுதான். உங்களைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லி வெச்சிருக்கறேன்.

என்ன சொல்லட்டும்னு எழுதுங்க. சேலையத் தாட்ட வேண்டாம், அங்கயே இருக்கட்டும்.

பொன்னாத்தா


நாமக்கல்
20.11.2023

அன்புள்ள பொன்னாத்தாளுக்கு,

நீ சொன்னதுதான் சரியாயிற்று. எல்லாச் செடியும் முட்டைக்கோஸ் போல இலை விட்டு நிற்கிறது. ஒரு மொட்டுக்கான அறிகுறி இல்லை. கோழி எருவில் எவ்வளவு நைட்ரஜன் இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். செடியின் பக்கத்தில் குனிந்தபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை. நிறையப் போட்டால் நிறையப் பூக்கும் என்று எண்ணிவிட்டேன் போலிருக்கிறது. வெள்ளை நூல் கட்டியதும் முளைத்துவிட்டது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

இதை எப்படிச் சரி செய்வது என்று எழுது. மண்ணை மாற்றலாமா? வேரைத் தொந்தரவு செய்வது தவறா?

புனே பற்றிக் கேட்டிருந்தாய். விசாரித்தேன். மேட்டுப் பாங்கான ஊர், நம் ஊர் வெயில் இராது என்கிறார்கள். டேலியாவுக்கு ஏற்றதாக இருக்கும். குளிர்காலத்தில் உன் முழங்காலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பதுதான் யோசனையாக இருக்கிறது. குழந்தைக்கு நீ பழகிவிட்டாய். உன்னைப் பிரிந்தால் அவள் ஏங்குவாள். இப்படி ஒரு விஷயத்தில் ஒரு முடிவை உன் மேல் திணிக்க எனக்கு மனமில்லை. உன் விருப்பம் எதுவோ அப்படியே செய்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. சோறு குக்கரில் வைத்துக்கொள்கிறேன். மாரக்காள் குழம்பு கொண்டுவந்து சுவர் மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுக்கிறாள். எனக்குக் கேட்காததால் சில நாள் காக்கை முந்திக்கொள்கிறது. ரசம் மட்டும் எனக்கு வரவில்லை. புளியைக் குறைத்தும் பார்த்தேன், கூட்டியும் பார்த்தேன்.

காளியண்ணன்


ஓசூர்
6.12.2023

மாமாவுக்கு,

உன் விருப்பம்னு எழுதியிருந்தீங்க. கலியாணம் ஆன நாள்ல இருந்து இந்த வார்த்தையக் கேட்டுக்கிட்டு வாரேன். அப்பளம் பொரிக்கட்டுங்களான்னா உன் விருப்பம். பையனுக்கு எந்தூருல பொண்ணுப் பாக்கலாம்னா உன் விருப்பம். எனக்கு வயித்துல கட்டி எடுக்கோணும்னு டாக்டர் சொன்னப்பவும், சேலத்துல பண்ணிக்கறதா கோயமுத்தூருலயான்னு உங்க மூஞ்சியப் பாத்தேன். அதே பதில்தான். சனமெல்லாம், "உன் ஊட்டுக்காரர் எத்தனை தங்கமானவரு, ஒரு வார்த்தை குறுக்க பேசமாட்டாரே"ங்கும்.

சபரி நம்மூட்டுக் கூடத்துல உக்காந்து, "அம்மாவை எங்க கூடவே வெச்சுக்கட்டுங்களா அப்பா"ன்னு கேட்டானே, அன்னைக்கு நான் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டிருந்தேன். குக்கர் விசில் வர்ற நேரம். நீங்க சொல்றது காதுல உளாமப் போயிருமோன்னு அடுப்பையே அணைச்சுப்போட்டு நின்னேன். "அவ விருப்பம்"னீங்க. நான் போய்ப் பொட்டி கட்டினேன். ஒரு மாசத்துக்குன்னு வந்தவ ரெண்டு வருசமா இங்க கெடக்கறேன். வேண்டாம், போகக்கூடாதுன்னிருந்தா சண்டையாச்சும் போட்டிருப்பேன். சண்டை போட்டாலும் ஊட்டுல இருந்திருப்பேன்.

சரி, அது போவட்டும். செடிக்கு வாரேன். மேல் மண்ணைக் கையில மொல்லப் பறிச்சு எடுத்துட்டு, வெறவுச் சாம்பலைத் தூவி உடுங்க. மாரக்கா அடுப்புல வேணுங்கறது கெடைக்கும். மொட்டு வந்தா மூணு மூணா வரும். பெருசா வேணும்னா நடுவுல இருக்கறதை உட்டுட்டுப் பக்கத்து ரெண்டையும் கிள்ளிப்போடோணும். பாவம் பாத்தாப் பூவு சிறுத்துரும்.

ஆனா எனக்குப் பெருசு சிறுசெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஒத்தைப்பூ பூத்தாலும் எழுதுங்க.

பொன்னாத்தா


நாமக்கல்
24.12.2023

அன்புள்ள பொன்னாத்தாளுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. எழுதத் தொடங்கிக் கிழித்துப் போட்டேன். சபரி கேட்ட அன்று மத்தியானம் சோறு வேகாமல் நறுக்கரிசியாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. சபரி கூடத் தட்டை ஒதுக்கிவைத்தான். அதற்குக் காரணம் இத்தனை நாள் கழித்து இப்போதுதான் தெரிந்தது.

அதைப் பற்றி மேலே எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சாம்பல் வேலை செய்துவிட்டது. மாரக்காள் ஒரு கூடை கொடுத்தாள். "பாத்திரம் வெளக்கவா?" என்றாள். செடிக்கு என்றதும், "எரு போட்டாப் பூக்காததுக்குச் சாம்பல் போட்டாப் பூக்குமாக்கும். அக்கா அங்கிருந்தே உங்களை நல்லா ஆட்டி வெக்குது" என்று சிரித்தாள். அவள் சிரித்தது எனக்குப் பிடித்திருந்தது.

மொட்டுகள் வந்திருக்கின்றன. நீ எழுதியபடி மூன்று மூன்றாக இருக்கின்றன. பக்க மொட்டுகளைக் கிள்ள வேண்டும் என்றதும் கை வரவில்லை. நகத்தை வைப்பேன், எடுப்பேன். இது நடுவா, அது நடுவா என்று ஒவ்வொரு பக்கமாக நின்று பார்ப்பேன். மஞ்சள் செடியில் ஒரு கிளையில் நடு மொட்டையே கிள்ளிவிட்டேன் என்று பிறகு தெரிந்தது. கிள்ளியதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருந்தேன். பிறகு பழகிவிட்டது. பழகியது நல்லதா என்று தெரியவில்லை. இப்போது கத்திரிப்பூ நிறச் செடியில் ஒரே ஒரு மொட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அதன் பலம் முழுவதும் அந்த ஒன்றுக்கே போகட்டும். உன் படத்தில் இருப்பது அந்த நிறம்தானே.

சொல்லும்படியான பூ இன்னும் இல்லை. வந்ததும் எழுதுகிறேன்.

நித்யா என்ன படிக்கிறாள்? என்னை நினைவிருக்கிறதா?

காளியண்ணன்


ஓசூர்
5.1.2024

மாமாவுக்கு,

நித்யாவுக்கு உங்களை நல்லா ஞாபகம் இருக்குது. காதுல மெசின் மாட்டற தாத்தான்னு சொல்றா. பள்ளிக்கூடத்துல குடும்பப் படம் வரையச் சொன்னாங்களாம். எங்க நாலு பேரையும் ஒண்ணா வரைஞ்சுட்டு, தாள்ல அந்தக் கோடியில ஒரு ஊடும், அதுக்குள்ள ஒரு ஆளும் வரைஞ்சிருக்கறா. யாரு சாமி அதுன்னேன். "தாத்தா, செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க"ன்னா. நம்ம கதையெல்லாம் புள்ளைக்கு எங்க தெரியுது. இருந்தும் எப்படித் தள்ளி வரைஞ்சிருக்கறா பாருங்க.

இங்க சாமானெல்லாம் பொட்டி பொட்டியாக் கட்டறாங்க. பிப்ரவரி நாலாந்தேதி ஞாயித்துக்கெழமை லாரி வருது. அன்னைக்கே பொழுதோட எங்களுக்கு ரயிலு. எனக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்கறான் சபரி. "வேணாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்மா, கடைசி நாள் வரைக்கும் பண்ணலாம்"ங்கறான். பாவம், அவனுக்கும் ரெண்டு பக்கமும் இழுக்குது. பிரியாளும் ஒண்ணும் கட்டாயப்படுத்தலீங்க. "அத்தை, நீங்க இல்லாட்டி ஆளு வெச்சுக்கறோம், உங்க மனசுக்கு எது தோணுதோ"ங்கறா. அவளும் விருப்பம்ங்கறா. என்னைக் கட்டாயப்படுத்தற ஆளு ஒருத்தருமே இல்ல போங்க.

அதுக்குள்ள ஒருக்கா ஊட்டுக்கு வந்துரலாம்னு எனக்கு இருக்குது. சும்மா வாரேன்னா எனக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க. கூப்படாத ஊட்டுக்குப் பையத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி. பூ பூத்துருச்சு, வந்து பாருன்னு நீங்க ரெண்டு வரி எழுதினீங்கன்னாப் போதும். காயிதத்தை அவங்ககிட்டக் காட்டிட்டுப் பஸ் ஏறிருவேன். வந்ததுக்கப்பறம் டிக்கெட் என்ன ஆகுதுன்னு பாத்துக்கலாம்.

பொங்கலுக்குப் பூத்துரும்னு என் கணக்கு. பாத்து எழுதுங்க.

பொன்னாத்தா


நாமக்கல்
17.1.2024

அன்புள்ள பொன்னாத்தாளுக்கு,

பொங்கல் கழிந்தது. மாரக்காள் வீட்டில் வாசலில் பொங்கல் வைத்தார்கள். "வாங்கண்ணா, நம்மூட்டுல கையை நனைச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். போய் உட்கார்ந்தேன். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்கு ஒரே இரைச்சலாக இருந்தது. யாரோ என்னிடம் ஏதோ கேட்டார்கள். ஆமாம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மாட்டுப் பொங்கலன்று கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்தேன். அது ஒரு வகையில் நிம்மதி. அதில் பேசுகிறவர்கள் என்னிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை.

நம் வீட்டு அடுப்பிலும் பால் பொங்க வைத்தேன். பொங்கியதும் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றதில் வழிந்து பாதி போய்விட்டது.

நான் வைத்திருக்கும் அந்த ஒற்றை மொட்டு இப்போது எலுமிச்சை அளவு இருக்கிறது. நுனியில் மெல்லியதாக ஒரு வெண்மை தெரிகிறது. மேலே சாக்குத் துணி கட்டி வெயிலை மறைத்திருக்கிறேன். எறும்பு ஏறாமல் தண்டில் வேப்பெண்ணெய் தடவுகிறேன். அது விரிந்தால் நீ அனுப்பிய படத்துக்குக் குறையாமல் இருக்கும் என்று நினைக்கிறேன். நினைப்பது தவறாகவும் போகலாம்.

ஆகவே நீ இப்போது அவசரப்பட்டு வரவேண்டாம். சொல்லும்படியான பூ இல்லாதபோது நீ வந்து, முழங்கால் வலியோடு சேலத்தில் பஸ் மாறி வந்து, பார்த்து ஏமாறக் கூடாது. விரிந்த அன்றே எழுதிவிடுகிறேன்.

நித்யா வரைந்த படத்தை அனுப்ப முடியுமா?

காளியண்ணன்


ஓசூர்
27.1.2024

மாமா அவர்களுக்கு,

மாரக்கா மக போன்ல இருந்து பிரியா போனுக்குப் போட்டோ வந்துது. பொங்கலன்னைக்கு நீங்க அவங்க ஊட்டுல உக்காந்திருந்தப்ப, சுவத்துக்கு இந்தப் பக்கம் எட்டிப் பாத்து எடுத்ததாம். செவப்பு நாலஞ்சு பூ இருக்குது. மஞ்சள்ளயும் இருக்குது. செடி உங்க நெஞ்சு ஒசரம் இருக்கும். மார்கழிக் கடைசியில இருந்தே பூத்துக்கிட்டு இருக்குதுன்னு மாரக்கா போன்ல சொல்லுச்சு. "அண்ணன் உங்களுக்கு எழுதியிருப்பாருன்னு நெனச்சேனுங்க"ன்னுது.

நான் இங்க தபால்காரன் வண்டிச் சத்தம் கேட்டா வாசலுக்குப் போறேன், வாரேன். நித்யா கூட, "ஆத்தா, இன்னைக்கும் வரலியா"ங்கறா.

வர வேண்டாம்னு நேரா எழுதியிருக்கலாம். இல்லாததைச் சொல்றவரு இல்ல நீங்க. உங்க வாயில இருந்து ஒரு பொய்யி வந்து நான் கேட்டதில்ல. அந்த அளவுக்கு நான் வர்றது உங்களுக்குச் சங்கடமா இருக்குதுன்னா, சரிங்க. தனியா இருந்து பழகிருச்சு போல. கோவமெல்லாம் இல்லீங்க. ஒருத்தருக்கு நாம வேண்டாம்னு தெரிஞ்சுட்டா அப்பறம் ஒரு தெளிவு வந்துருது.

நான் புனேவுக்குப் போறேன். சபரிகிட்டச் சொல்லிட்டேன்.

பிரசர் மாத்திரை காலையில உண்டதுக்கப்பறம் போடுங்க. மாசி முடியறதுக்குள்ள கிழங்கத் தோண்டி மாரக்காளுக்குக் குடுத்துருங்க. அதாச்சும் வெச்சுப் பாக்கட்டும்.

பொன்னாத்தா


நாமக்கல்
2.2.2024, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பொன்னாத்தாளுக்கு,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப் போவதில்லை. தபாலில் போட்டால் நீ கிளம்பிய பிறகுதான் வந்து சேரும். சட்டைப் பையில் வைத்து நானே கொண்டுவருகிறேன். விடிந்ததும் சேலம் பஸ், அங்கிருந்து ஓசூர் பஸ்.

உன் கடிதம் நேற்று வந்தது. மாரக்காளிடம் கேட்டேன். அவள், "என்னைய எதுக்கு மொறைக்கறீங்க? போட்டோ எடுக்கக் கூடாதுன்னாப் போத்தி வெச்சிருக்கோணும். பூத்ததை எங்கயாச்சும் ஒளிப்பாங்களாண்ணா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னுங்க ஆச்சு?" என்றாள்.

முதல் சிவப்புப் பூ மார்கழியில் விரிந்தது உண்மைதான். உளுந்து வடை அளவு இருந்தது. நான் அதையும் உன் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் வந்தேன் என்று நீ நினைத்துவிடுவாய் என்று தோன்றியது. நினைத்தாலும் சொல்ல மாட்டாய். நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாய். ஆனால் தட்டம் அளவு ஒரு பூ இருந்தால் அது வாடும் வரையாவது இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் அடுத்தது, அடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனேன். நீ ஒற்றைப் பூ போதும் என்று எழுதியிருந்ததைப் படிக்காமல் இல்லை. பலமுறை படித்தேன். அதை நான் நம்பவில்லை. என்னிடம் இருப்பதை வைத்து ஒருவரை வரச் சொல்லலாம் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை.

நீ வருவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது என்று நீ எழுதிய வரியை மட்டும் எடுத்துவிட வேண்டும். இந்த வீட்டில் யாராவது வந்து கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காது. அதனால் பகல் முழுவதும் திறந்தே வைத்திருக்கிறேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

இப்போது கேட்கிறேன். புனேவுக்குப் போகாதே. வீட்டுக்கு வா. எனக்கு நீ வேண்டும். குழந்தையை விட்டு வர உன்னால் முடியாது என்றால், நானும் புனேவுக்கு வருகிறேன். துணிகளைச் சின்னப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். ஹாலில் ஒரு ஓரத்தில் படுத்துக்கொள்வேன். இரண்டில் எது என்று நீ சொல். ஆனால் நீ ஓரிடம், நான் ஓரிடம் என்பது மட்டும் இனி வேண்டாம். இதில் உன் விருப்பம் என்று நான் எழுத மாட்டேன்.

அந்தப் பெரிய மொட்டு நேற்று மாலை விரியத் தொடங்கியது. வெளிவரிசை இதழ்கள் மட்டும் பிரிந்திருக்கின்றன. இப்போதே என் உள்ளங்கையை விடப் பெரிது. ஞாயிற்றுக்கிழமை வாக்கில் முழுதாக விரியும் என்று நினைக்கிறேன். மாரக்காளிடம் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன். பறித்து எடுத்துவரலாமா என்று தோன்றியது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வந்து நின்றதும் எனக்கு ஒன்றும் பேச வராது. சாப்பிட்டாயா என்று கேட்பேன். சபரி லாரி, ரயில், வாடகை முன்பணம் என்று ஏதாவது சொல்லத் தொடங்குவான், நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நேரம் போய்விடும். நீதான் என் சட்டைப் பையில் கையை விட்டு இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பிரியாவிடமோ குழந்தையிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நீயே படி.

நீ படித்து முடிக்கும் வரை நான் வாசலில் நிற்கிறேன். முடித்ததும் கூப்பிடாதே, எனக்குக் கேட்காது. வெளியே வா.

காளியண்ணன்